பியூட்டிரோமீட்டருக்கு வணக்கம் வெக்காதே, அம்மணி

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில சீட்டு வாங்கிட்டே. சந்தோசம், அம்மணி. நம்ம ஊட்டுல இருந்து இதுக்கு முன்னாடி அந்தக் காலேஜுக்குள்ள போனது சினை நிக்காத எருமை ஒண்ணுதான். அதுவும் படிக்கப் போகல. 1985ல அந்தக் காலேஜைத் தொறந்தப்ப, "கோழிக்கும் மாட்டுக்கும் காலேஜாக்கும்?"னு சிரிச்சவனுங்க எத்தனையோ பேரு. இன்னைக்குக் கோழி கொஞ்சம் தலையத் தொங்கப் போட்டாப் போதும், காலேஜு வாசல்ல மொத ஆளா நிக்கறதும் அவனுங்கதான்.

சரி, அப்புச்சி சொல்றதக் கேளு. லேபுக்குள்ள போனா பாடத்துக்கு முன்னாடி பேருங்கதான் உன்னை மெரட்டும். கெல்டால்னு ஒண்ணு இருக்குது. துவரம்பருப்புல புது ரகமாட்ட இருக்குதேன்னு நெனைப்பே. பாதி சரிதான். தீவனத்துல புரதம் எவ்வளவுன்னு சொல்ற ஏற்பாடு அது. கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வகத்துல யோகான் கெல்டால்ங்கறவரு 1883ல கண்டுபிடிச்சாரு. பீரு காய்ச்சற தானியத்துக்குன்னு பொறந்தது, இன்னைக்கு நாமக்கல் கோழிக்குச் சோயாப் புண்ணாக்கை அளக்குது. பீரு குடிக்காமயே நம்ம கோழிக்கு அந்தப் புண்ணியம்.

சாக்ஸ்லெட்டுன்னு இன்னொண்ணு. கால்ல மாட்டறது இல்லை. 1879ல ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட்டுங்கற ஜெர்மன் தேசத்து ஆளு, பால் கொழுப்பை அளக்கறதுக்குன்னு செஞ்ச கண்ணாடிக் குழல். ஈதரைக் காய்ச்சி, சொட்டுச் சொட்டா உட்டு, இருக்கற கொழுப்பையெல்லாம் உருவி எடுத்துரும். கல்யாணத் தரகனுக்குக் கூட அந்த வித்தை வராது.

பாம் கலோரிமீட்டர் இருக்குது பாரு, அது பேருக்குத்தான் பாம். தடிச்ச இரும்புச் சொம்புக்குள்ள துளித் தீவனத்தை வெச்சு, ஆக்சிஜனை அழுத்தி அடைச்சு, எரிச்சு, சுத்தி நிக்கற தண்ணி எவ்வளவு சுட்டுதுன்னு பாத்துச் சக்தியக் கணக்குப் போடறது. ஆனா ராசிபுரம் பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு, "இன்னைக்கு லேபுல பாம் வெச்சோம்"னு போன்ல சத்தமாப் பேசாதே. கண்டக்டரு பாதி வழியில எறக்கி உட்ருவாரு.

முட்டைக்கு ஒரு கணக்கு உண்டு. 1937ல ரேமண்ட் ஹாங்கற அமெரிக்காக்காரரு போட்டது. படிச்சவங்க வாயில ஹா யூனிட்டுன்னும் வருது, ஹாஃப் யூனிட்டுன்னும் வருது. முட்டையக் கண்ணாடித் தட்டுல ஒடைச்சு ஊத்தி, கெட்டியான வெள்ளை எவ்வளவு ஒசரம் நிக்குதுன்னு மில்லிமீட்டர்ல பாத்து, முட்டையோட எடையையும் சேத்துக் கணக்குப் போடுவாங்க. ஒசந்து நின்னா புது முட்டை, பரவிப் படுத்துக்கிட்டா பழசு. உங்க அம்மாயி தோசைக்கல்லுல ஹாஃப் பாயில் ஊத்தறப்பவே இதைச் சொல்லிருவா. அவளுக்கு யூனிட்டு மட்டுந்தான் இல்லை.

இத்தனை நேரம் கேலி பேசறேன்னு பாக்கறயா? காரணம் இருக்குது. பேரு பெருசாச்சுன்னா நம்ம சனம் வாய மூடிக்குது. அங்கதான் காசு போகுது.

பால் சொசைட்டியப் பாரு. லேக்டோமீட்டர் ஒரு மிதவை. பால்ல தண்ணி கலந்தா முங்கும். ஆடைய எடுத்துட்டா மேல வரும். ஆடையும் எடுத்துட்டு, அளவாத் தண்ணியும் ஊத்துனா? நல்ல பால்ல நிக்கறாப்பலயே நிக்கும். இது அப்புச்சிக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. அந்தத் திருட்டைப் புடிக்கத்தான் கொழுப்பைத் தனியா அளக்கற பியூட்டிரோமீட்டர் வந்துது. பேரைக் கேட்டா பியூட்டி பார்லருக்குத் தூரத்து ஒரம்பரையாட்ட இருக்குது. 1890கள்ல சுவிட்சர்லாந்துக்கார கெர்பர் கொண்டாந்தது. கந்தக அமிலம் 10 மி.லி., பால் 10.75 மி.லி., அமைல் ஆல்கஹால் 1 மி.லி. ஊத்திச் சுத்தவுட்டா, கொழுப்பு பிரிஞ்சு கோட்டுக்கு நேரா வந்து நிக்கும். கோடு எண்ணத் தெரிஞ்சாப் போதும். ஆனா நம்மாளு கேனைக் குடுத்ததும் குழலுக்கு ஒரு கும்புடு போட்டுட்டுத் திரும்பி நின்னுக்கறான்.

குச்சிக்கிழங்கும் அப்படித்தான். சேகோ பேக்டரிக்கு லோடு போனா வெலை பாயிண்டுக் கணக்கு. மாவுச்சத்து எத்தனை பாயிண்டோ, அதுக்குத் தக்கன ரூபா. கிழங்கைக் காத்துல ஒருக்கா, தண்ணியில முக்கி ஒருக்கா நிறுத்தா அடர்த்தி தெரியும். அடர்த்தி தெரிஞ்சா மாவு தெரியும். ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சமாசாரம். அதுக்கு ஸ்பெசிபிக் கிராவிட்டின்னு பேரு சொன்னதும், லோடோட வந்தவன் பத்தடி தள்ளிப் போய் பீடியப் பத்த வெச்சுக்கறான். தள்ளி நிக்கறவனுக்கு முள்ளு எப்பவும் ரண்டு பாயிண்டு கம்மியாத்தான் காட்டும், கண்ணு.

அதுக்காகப் பெரிய பேருக்காரன் எல்லாம் தெரிஞ்சவன்னும் நம்பீராதே. கெல்டால் எண்ணறது நைட்ரஜனை. தீவனமா இருந்தா அதை 6.25 ஆலப் பெருக்கிப் புரதம்னு சொல்லும். அந்த நைட்ரஜன் பருப்புல இருந்து வந்துதா, கண்டதுல இருந்து வந்துதான்னு அதுக்குத் தெரியாது. 2008ல சீனாவுல பால்ல தண்ணி ஊத்துனவனுங்க, புரதம் கொறைஞ்சு காட்டாம இருக்க மெலமைனைக் கலந்தானுங்க. தட்டு டம்ளர் செய்யற சரக்கு அது. நைட்ரஜன் கணக்குச் சரியா வந்துது. ஏறக்கொறைய 3 லட்சம் கொழந்தைங்க சீக்குல படுத்துச்சு, ஆறு செத்தே போச்சு. இங்கயும் தீவனத்துல யூரியாவக் கலந்தாப் புரதம் ஏறித்தான் காட்டும். கோழிதான் ஏறாது.

அதனால எந்தக் கருவியக் கண்டாலும் மூணு கேள்வி கேளு. நீ எதை அளக்கறே? உன்னை எப்படி ஏமாத்தலாம்? கடைசியா உன்னைச் சரி பாத்தது யாரு, எப்போ? கேக்கறதுக்கு வெக்கப்படாதே. சிரிக்கற வாத்தியாரு அதுக்குப் பதிலும் சொல்லித்தான் ஆவோணும்.

நாளைக்கு நீயும் ஒரு கருவி கண்டுபிடிப்பே. பேரு வெக்கறப்ப நாயமா நடந்துக்கோ. 1855ல ஹைடல்பர்க்குல பன்சன்ங்கற வாத்தியாரு கேட்டுக்கிட்டாரு, பீட்டர் டெசாகாங்கற மெக்கானிக்கு அடுப்பைச் செஞ்சு குடுத்தாரு. ஊரு ஒலகமெல்லாம் பன்சன் பர்னர்ங்குது. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் பட்டறையில போய் இந்தக் கதையச் சொல்லிப் பாரு, ஒருத்தனும் ஆச்சரியப்பட மாட்டான்.

பேரு எதை வேணும்னாலும் வெய்யி, அம்மணி. ஜெர்மன்காரன் வாயில நொழையாத நம்ம பேரா இருந்தா அப்புச்சிக்கு ரட்டைச் சந்தோசம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்தறாதே. நம்பரு தெரியற பக்கம், பாலு ஊத்தறவன் நிக்கற பக்கமாத் திரும்பி இருக்கோணும்.