மாமாவின் மீசைக்கு ஆயிரம் கோடிப் புள்ளிகள்

ஆயிரம் கோடி என்றதும் ஏதோ ஊழல் வழக்கு என்று நினைக்க வேண்டாம். செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் கட்டப்போகும் 40 அடிக்கு 20 அடி பிளக்ஸ் பேனருக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஃபோட்டோஷாப்பில் ஃபைல் திறந்தால் வரும் கணக்கு அது. அகலத்தில் 1,44,000 புள்ளி, உயரத்தில் 72,000. பெருக்கினால் 1,036 கோடி. அச்சுக்கு நான்கு நிறம், நிறத்துக்கு ஒரு பைட் என்று வைத்தால் ஒரே ஒரு லேயர் 41 ஜி.பி.யைத் தாண்டுகிறது. காது குத்தும் குழந்தை ஒரு லேயர், மடியில் வைத்துக்கொள்ளும் மாமா ஒரு லேயர், வட்டச் செயலாளர் ஒரு லேயர், அவருக்குப் பின்னால் பாயும் சிங்கம் ஒரு லேயர். இத்தனையையும் ஏற்றிவிட்டு, 'சிஸ்டம் ஹேங் ஆகுது' என்று சி.பி.யு.வின் தலையில் தட்டுவது என்ன நியாயம்?

ரேமைக் கூட்டினால் தீர்ந்தது என்பார்கள். ரேம் சமையல் மேடை என்றால் ஹார்டு டிஸ்க் பரண். மேடையில் இடம் தீர்ந்ததும் மென்பொருள் ஒவ்வொரு பாத்திரமாகப் பரணில் ஏற்றி இறக்கத் தொடங்கும். திரையில் வட்டம் சுற்றும்போது அது ஏணியில் இருக்கிறது என்று பொருள். மேடையை இரட்டிப்பாக்கலாம். ஆனால் பேனரின் நீளமும் அகலமும் இரட்டித்தால் புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. இந்தப் பந்தயத்தில் ரேம் ஜெயிக்க வழியே இல்லை. சாதாரண பி.எஸ்.டி. ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிக்கு மேல் ஏற்காது. ஜேபெக் 65,535-இல் கதவைச் சாத்திவிடும். மென்பொருள் எழுதியவர்களே 'போதும் சாமி' என்று கையெடுத்த இடம் அது.

சரி, 300 யார் சொன்ன கணக்கு? கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்தின் கணக்கு. இயல்பான பார்வையுள்ள கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. ஓரடி தூரத்தில் அது அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளி. 30 அடி தள்ளிப் போனால் பத்தே புள்ளி. 60 கிலோமீட்டர் வேகத்தில் பேருந்தில் போகிறவர் நொடிக்குச் சுமார் 17 மீட்டர் கடக்கிறார்; அவருக்கு மாமா யார் என்பதே நிச்சயமில்லை. அங்குலத்துக்கு 30 புள்ளி வைத்தாலே தாராளம். லேயர் 415 எம்.பி.க்குள் அடங்கிவிடும், நூறில் ஒரு பங்கு. மேலும் அந்த மாமா படம் வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்தது. அதை ஆயிரம் கோடிப் புள்ளிக்கு இழுப்பது, ஒரு சொம்புப் பாலைக் குளத்தில் கொட்டிப் பாயசம் என்பதைப் போன்றது. 'பேனர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பார்களே' என்றால், நாலடி தூரத்துக்கு 72 புள்ளி போதும்.

'கலை என்றால் நுணுக்கம் வேண்டாமா? மாமல்லபுரத்துச் சிற்பி இப்படியா மிச்சம் பிடித்தான்?' என்று கேட்பவர்கள் அர்ச்சுனன் தபசின் எதிரே போய் நிற்கட்டும். சுமார் 30 மீட்டர் அகலப் பாறையில் யானைகள் தெருவிலிருந்தே தெரிகின்றன. கைதூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதை நம்பி வந்த எலிகளையும் பார்க்கக் கிட்டே போக வேண்டும். தூரத்துக்கு ஓர் அளவு, கிட்டத்துக்கு ஓர் அளவு. அதே காட்சியைச் சற்றுத் தள்ளி இன்னொரு பாறையில் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறார்கள். பல்லவர் காலத்திலும் ஃபைல் முடியாமல் நின்றிருக்கிறது.

அந்தச் சிற்பிப் பரம்பரை கையில் வைத்திருந்த கணக்கு தாலமானம். முகத்தின் நீளம் ஒரு தாலம். உடம்பு இத்தனை தாலம். அடியும் அங்குலமும் பிறகு வரும். விரலளவு படிமத்துக்கும் கோபுரம்போன்ற சிலைக்கும் விகிதம் ஒன்றே. கோரல் டிராவில் 'வெக்டர்' என்பதும் இதே சங்கதி: கோடு எங்கிருந்து எங்கே வளைகிறது என்பதை மட்டும் நினைவில் வைப்பதால், எத்தனை அடிக்கு இழுத்தாலும் ஃபைல் பெருப்பதில்லை. எழுத்தையும் சின்னத்தையும் இப்படி வரைந்து, படத்தை மட்டும் புள்ளியில் வைத்தால் பாதி வலி போய்விடும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதி உருவாக்கி, 2000 ஜனவரி 1-இல் குமரிமுனையில் திறக்கப்பட்ட வள்ளுவர், பீடம் 38, சிலை 95 என 133 அடிக்கு நிற்கிறார். இத்தனை பெரிய உருவத்துக்குச் சொந்தக்காரர் சேமித்த ஃபைலோ, ஒவ்வொன்றும் ஏழே சீர்.