விஷத்துக்கு அறுபது நாள் லீவு

பெரம்பலூர், அரியலூர் பருத்தி விவசாயிகளுக்கு அரசாங்கம் ஒரு குறையும் வைக்கவில்லை. வேப்பந்தட்டையில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் விரிவாக்க மையங்கள் இருக்கின்றன. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. மருந்து கையாளுபவருக்குப் பாதுகாப்பு உடை, கையுறை, முகமூடி வேண்டும் என்று அந்த விதிகளில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். 2017இல் பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு மயங்கி விழுந்து, அரசு மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்ட பெரம்பலூர்க்காரர்களிடம் கையுறை மட்டும்தான் இல்லை. அவர்களில் சிலர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இப்படிச் சாவு விழும்போதெல்லாம் வழக்கமாக ஒரு விசாரணை நடக்கும், வழக்கமாக ஒரே முடிவும் வரும். மாஸ்க் போடவில்லை, காற்றுக்கு எதிரே நின்று அடித்தார், சொன்ன அளவுக்கு மேல் கலந்தார். ஆக, செத்தவன்தான் குற்றவாளி. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதால் நோட்டீஸ் ஒட்டாமல் விட்டார்கள், அதுவரைக்கும் புண்ணியம்.

குன்னம் பக்கம் கரிசல் காட்டில் புரட்டாசி வெயில் எப்படிக் காயும் என்று அந்தப் பாதுகாப்பு உடை விதியை எழுதியவர்களுக்குத் தெரியாது. ஆள் உயரம் வளர்ந்த பருத்திக்குள் முதுகில் டேங்க்கைச் சுமந்து நடந்தால், அடிக்கிற மருந்தில் பாதி செடிக்கு, மீதி மூஞ்சிக்கு. இதில் ரப்பர் கையுறையும் மேலே பிளாஸ்டிக் கோட்டும் மாட்டிக்கொண்டு நாலு டேங்க் அடிக்க வேண்டுமாம். மாவட்டத்துக்கு ஒரு அதிகாரி முதலில் அடித்துக் காட்டட்டும், கைதட்ட நாங்கள் வருகிறோம்.

பாட்டிலோடு ஒரு தாள் கொடுப்பார்கள். எட்டாக மடித்திருக்கும். பிரித்தால் ஊரில் உள்ள அத்தனை மொழியும் இருக்கும், தமிழைத் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பாட்டிலின் மேலே ஒரு சாய்சதுரம். அதில் சிவப்பு என்றால் கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கு வரிசை. இதை எந்தக் கடையில், யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சிவப்பு போட்டிருந்தால் ‘பவர்’ ஜாஸ்தி என்று வாங்கிப் போகிறவர்கள் உண்டு. “இதையும் அதையும் கலந்து அடிங்கண்ணே, ஒரு புழு நிக்காது” என்கிற கடைக்காரர்தான் இங்கே டாக்டர், கம்பவுண்டர், விரிவாக்க அலுவலர் எல்லாம். புழு நிற்கிறதோ இல்லையோ, அண்ணன் நிற்பதில்லை.

தமிழ்நாடு அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இதே மருந்தைக் குடித்துச் சாகிற தற்கொலைகளைத் தடுப்பதற்காக 2022 முடிந்து 2023 பிறக்கும் சமயத்தில் மோனோகுரோட்டோபாஸ், புரொஃபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் உள்ளிட்ட ஆறு மருந்துகளைத் தடை செய்தது. எத்தனை நாளைக்கு? அறுபது நாளைக்கு! விஷம் ஊட்டிக்குப் போய் இரண்டு மாதம் தங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு டியூட்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும். 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகளைக் கொன்றது இதே மோனோகுரோட்டோபாஸ்தான். அறுபத்தோராம் நாள் அது திருந்திவிடும் என்று யார் சான்றிதழ் கொடுத்தது?

மாநிலத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநில அரசுக்கு அளந்து கொடுத்திருப்பதே அறுபது நாள்தான், மிஞ்சிப் போனால் இன்னும் முப்பது. நிரந்தரமாக நிறுத்த டெல்லி மனசு வைக்க வேண்டும். டெல்லியின் மனசு எப்படிப்பட்டது என்றால், 2020இல் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யப்போவதாக வரைவு ஆணை போட்டது. கம்பெனிகள் ‘ஐயோ விளைச்சல்’ என்று அலறின. மூன்று வருடம் கமிட்டி வைத்து யோசித்து, 2023இல் முழுசாகத் தடை செய்தது டைகோபால், டைனோகாப், மெத்தோமைல் என்ற மூன்றை. சுவிட்சர்லாந்தோ புரொஃபெனோபாஸை வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்வதையே 2021 முதல் நிறுத்திவிட்டது. இங்கே அதே சரக்குக்கு இரண்டு மாத ஓய்வு!

விளைச்சல் விழுந்துவிடும் என்கிற பூச்சாண்டிக்குப் பதில் ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. இலங்கை 1995இல் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும், 1998இல் எண்டோசல்பானையும் நிறுத்தியது. அங்கே தற்கொலை விகிதம் மளமளவென்று இறங்கியது. அந்தத் தடைகளால் நெல் விளைச்சல் குறையவில்லை என்று ஆய்வு செய்தும் சொல்லிவிட்டார்கள்.

நம் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்த கதையையும் சொல்லியாக வேண்டும். 1958இல் பாரத்தியான் கலந்துபோன கோதுமை மாவைத் தின்று கேரளத்தில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அன்றைய சென்னை மாநிலத்திலும் செத்தார்கள். அதற்குச் சட்டம் வரப் பத்து வருடம் ஆனது. அதன் இடத்தில் புதுச் சட்டம் கொண்டுவர 2008இல் ஒரு மசோதா, 2020இல் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்குப் போயின. இரண்டும் சட்டமாகவில்லை.

பெரம்பலூர் எம்.பி.யும், அரியலூரையும் குன்னத்தையும் தன் தொகுதியில் வைத்திருக்கும் சிதம்பரம் எம்.பி.யும் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது சால்வையைப் போர்த்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 27ஆம் பிரிவில் இருக்கிற அந்த அறுபது நாள் வரம்பை எடுக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் எப்போது பேசினீர்கள், தேதி என்ன? தேதி சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.