புகையில்லா நெருப்பும் கல்வராயன் மலையும்: ஓர் ஆராய்ச்சி

மலையின்மேல் புகை தோன்றுவதால் அங்கே நெருப்பு உண்டென்பது துணிபு, அடுக்களையில் அவ்வாறு கண்டிருக்கிறோமாகையால், என்னும் இந்த ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டு நம் நாட்டுத் தருக்க நூலார் பல நூற்றாண்டுகள் வாதப் பிரதிவாதம் நடத்தியிருக்கிறார்கள். நியாய சாஸ்திரம் கற்கப் புகும் மாணாக்கனுக்கு முதற்பாடம் இதுவே. மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவை இலக்கணம் போதித்தபோது எடுத்துக் காட்டிய உதாரணமும் இதுவே. ஆயினும் அந்த மலை எந்த மலை, அங்கே நெருப்பு மூட்டியவர் யாவர், அந்நெருப்பின்மேல் ஏற்றிய பாத்திரத்தில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்னும் மூன்று கேள்விகளையும் அவர்களுள் ஒருவரேனும் கேட்டதாகத் தெரியவில்லை. சாஸ்திரத்தில் நேர்ந்த இக்குறையை நிரப்புவதே இச்சிறு கட்டுரையின் பிரயோஜனம்.

மலை, கல்வராயன் மலை. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சிக்கு மேற்றிசை வேலியாக நிற்பதும், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகி, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாக வழங்குவதும், கோமுகி நதிக்குப் பிறப்பிடமாவதுமாகிய இம்மலையில் சாமையும் மரவள்ளியும் விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அந்தியில் உலை வைக்கும்போது ஊர்தோறும் புகை எழும். அது தருக்க நூலாருக்குச் சம்மதமான புகை. ஆனால் ஓடைக்கரைப் புதர்களினூடே, உலை வைக்கும் வேளையல்லாத வேளையில், வீடில்லாத இடத்தில் எழும் மற்றொரு புகையும் இங்கே உண்டு. அதனைக் கண்ட மாத்திரத்தில் மலையடிவாரத்துப் போலீஸார், நெருப்பு உண்டு என்பதோடு நில்லாமல், அந்நெருப்பின்மேல் பானை உண்டு, பானையில் ஊறல் உண்டு, ஊறலினின்றும் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாராயம் உண்டு என்று நான்கு படி கடந்து அனுமானம் செய்வர். நியாய சூத்திரம் இயற்றிய கௌதமரும் பௌத்தத் தருக்க நூலார் திங்நாகரும் ஒரு படியோடு நின்றுவிட்டனர் என்பதை நோக்க, காக்கிச் சட்டையணிந்த இந்நையாயிகர்களின் பெருமை விளங்கும்.

இனி, எடுத்துக்கொண்ட பொருள் சாராய அடுப்பு. காட்டிலும் மேட்டிலும் கூடாரம் அடித்துத் தங்குவோர், விறகையும் மண்ணெண்ணெயையும் சுமக்க மனமின்றி, ஸ்பிரிட் என்று நாம் வழங்கும் எரிபொருளைச் சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொளுத்தி, அதன்மேல் சோறு சமைத்துண்ணும் சாதனம் அது. பெயரைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள் தம் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடநூலை நினைவுகூர்தல் நலம். அதில் சோதனைக் குழாயின் அடியில் நீலச் சுடர் விட்டு நின்ற கண்ணாடிக் குப்பிக்குச் சாராய விளக்கு என்றுதான் பெயர். பத்திரிகைகளோ, லாரிகளில் பிடிபடும் சரக்கை எரிசாராயம் என்று எழுதுகின்றன. இலக்கணம் அறிந்தார்க்கு இச்சொல் ஒரு விருந்து. இது வினைத்தொகை, எரிந்த சாராயம், எரிகின்ற சாராயம், எரியும் சாராயம் என்று முக்காலத்துக்கும் விரியுமேயன்றி, குடித்த, குடிக்கின்ற, குடிக்கும் என்பனவற்றுள் ஒன்றுக்கும் இடந்தராது. இத்தொகையை விரித்துப் பொருள் கொள்ளும் இலக்கணப் பயிற்சி நம் மக்களுக்கு வாய்த்திருக்குமானால், மதுவிலக்கு இலாகாவின் வேலை பெரும்பாலும் குறைந்திருக்கும்.

அடுப்பின் வமிசாவளியையும் சிறிது சொல்லவேண்டும். 1892இல் ஸ்வீடன் தேசத்து லிண்ட்குவிஸ்ட் என்பவர் வெளிப்படுத்திய பிரைமஸ் என்னும் பம்ப் ஸ்டவ் நம் தாய்மாரின் கைகளில் பல்லாண்டு சீறிக்கொண்டிருந்தது யாவரும் அறிந்ததே. மண்ணெண்ணெய் ஆவியாகுமாறு அதன் தலையைச் சூடேற்றுவதற்கு முதலில் ஒரு கரண்டி ஸ்பிரிட்டை எரிப்பது வழக்கம்; ஆகவே அங்கே ஸ்பிரிட்டுக்கு அரசன் வருமுன் கூவிப்போகும் கட்டியக்காரன் ஸ்தானமே கிடைத்தது. அதே தேசத்தில் 1925இல் தோன்றிய டிரேஞ்சியா என்னும் கம்பெனி, 1951இல் காற்றுத் தடுப்பும் பாத்திரமும் ஒன்றுள் ஒன்று அடங்கும் அடுப்பை வெளியிட்டு, கட்டியக்காரனுக்கே முடிசூட்டி வைத்தது. இந்நாளில் அவ்வளவு செலவும் வேண்டியதில்லை. குளிர்பானம் குடித்து எறிந்த இரண்டு அலுமினியக் குவளைகளின் அடிப்பாகங்களை வெட்டி, ஒன்றினுள் ஒன்றைச் செருகி, விளிம்பைச் சுற்றி ஊசியால் துளையிட்டால் அடுப்பு ஆயிற்று. உள்ளே ஊற்றிய ஸ்பிரிட் தன் சூட்டினாலேயே ஆவியாகி, துளைகளின் வழியே பூவிதழ்போல் வரிசையாக எரியும். எத்தனால் 78 பாகையிலேயே கொதித்துவிடுமாதலால் பம்ப்பும் வேண்டா, அடைப்பெடுக்கும் ஊசியும் வேண்டா.

இத்தகைய அடுப்பொன்றை நண்பர் ஒருவரின் புதல்வன் செய்து கொடுக்க, அதனைப் பரீட்சிக்கும் பொருட்டு நானும் நண்பரும் கள்ளக்குறிச்சியினின்றும் மலையேறத் துணிந்தோம். எரிபொருளுக்காக மருந்துக்கடை ஒன்றில், ஊசி குத்துமுன் தோலில் தடவும் ஸ்பிரிட் 100 மில்லிக் குப்பி இரண்டு கேட்டேன்.

“காயம் பெருசா சார்?” என்றார் கடைக்காரர்.

“காயமில்லை. சாமைச் சோறு.”

அவர் என்னையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். குப்பியைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை என்பது தெளிவாக விளங்கிற்று. வழியிலிருந்த சோதனைச் சாவடியிலோ, பையைத் திறந்து பார்த்த காவலர் வெகுநேரம் வாய் பேசவில்லை. பிறகு, “இத்தனை வருஷ சர்வீஸ்ல கீழே எறங்குற பையைத்தான் சார் மோந்து பார்த்திருக்கேன். கீழேருந்து மேலே ஸ்பிரிட் கொண்டுபோற ஆளை இன்னைக்குத்தான் பார்க்குறேன்” என்று சொல்லி வழிவிட்டார். மலைக்கே சரக்கு விற்கப் போகும் மூடர்கள் என்று எங்களை எண்ணியிருத்தல் கூடும். மலைமேலுள்ள வெள்ளிமலை என்னும் ஊருக்குச் செல்லும் அவ்வழியில் எங்களைச் சுமந்த மோட்டார் சைக்கிளும் வெறும் வயிற்றோடு ஏறவில்லை என்பதை அவர் கருதினாரல்லர். பெட்ரோலில் இந்நாளில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகும் அதற்கொரு மூலம். கரும்போ, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் வைத்து இம்மாவட்டத்தார் பிழியும் பொருள்.

காப்புக்காட்டில் தீ மூட்டுதல் குற்றமாதலின், பட்டா நிலத்துக் குடியானவர் ஒருவரிடம் அனுமதி பெற்று, சாமைக் கதிர் அடிக்கும் அவருடைய பாறையின்மேல் முற்பகலில் பரீட்சையைத் தொடங்கினோம். மூன்று கற்களின் நடுவே அடுப்பை வைத்து, இரண்டு ஆழாக்குச் சாமைக்கு ஐந்து ஆழாக்குத் தண்ணீர் அளந்து ஏற்றினோம். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 30 மில்லி ஸ்பிரிட் போதும் என்பது அனுபவஸ்தர் கணக்கு. அது காற்றில்லாத இடத்துக் கணக்கு. மலைக்காற்று சுடரைச் சாய்த்து, பானையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கல்லைக் காய்ச்சத் தொடங்கவே, தகரத் தட்டொன்றை மறைப்பாக வளைத்து நிறுத்தினோம். ஆயிரம் அடி ஏறினால் நீர் கொதிக்கும் நிலை ஏறத்தாழ 1 பாகை தாழும். ஆகையால் மலையில் உலை சமவெளியை விடச் சற்று முந்திக் கொதிக்கும், ஆனால் சோறு சற்றுப் பிந்தி வேகும். ஆடம்பரமாகத் தொடங்கி மெதுவாக முடியும் காரியங்களை உலகில் வேறிடங்களிலும் கண்டிருக்கிறோம்.

இப்பரீட்சையில் கண்ட பேரதிசயம் சுடர் கண்ணுக்குத் தெரியாமையே. பட்டப்பகலில் ஸ்பிரிட்டின் நீலச்சுடர் வெயிலோடு கலந்து மறைந்துவிடும்; அணைந்ததென்று எண்ணி மேலும் ஊற்றப் போனால், தீ ஊற்றும் தாரையைப் பற்றிக் குப்பிக்குள் ஏறிக் கையைச் சுட்டெரிக்கும். அடுப்பு ஆறிய பின்னரே மறுபடி ஊற்றுக என்பதை இச்சாஸ்திரத்தின் முதல் விதியாகக் கொள்க. நண்பர் உலையில் போட்ட உப்பில் சில பரல்கள் தவறிக் கீழே விழ, அவ்விடத்தில் மட்டும் சுடர் மஞ்சளாகி வெளிப்பட்டது. உப்பிட்டவரிடம் நெருப்பும் உண்மையை ஒளிப்பதில்லை போலும். ரசாயனிகள் இதனை உப்பிலுள்ள சோடியத்தின் குணம் என்பர்.

புகை இல்லாமைக்குக் காரணம் யாதெனின், எத்தனாலின் அணுத்திரளில் பிராணவாயு முன்னமே கலந்திருத்தலான் என்க. சிறிது எரிந்தே பிறந்த பொருளாதலின் அது கிலோவுக்கு ஏறத்தாழ 6,400 கிலோகலோரியே தரும். மண்ணெண்ணெயோ 10,000க்கு மேல் தரும். சூட்டில் இழந்ததை அது சுத்தத்தில் ஈடு செய்கிறது. பானையின் அடியில் கரி படிவதில்லை. புகையில்லா நெருப்புக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புண்டையை உதாரணம் காட்டும் தருக்க நூலாருக்கு இதோ இரண்டாவது உதாரணம். இவ்வளவும் கண்டபின் நான் பாறையின்மேல் அமர்ந்து சூத்திரம் ஒன்று இயற்றினேன்: கல்வராயன் மலையில் வீடில்லாத இடத்தில் புகை உண்டாயின், நெருப்பு கீழே, சாராயம் மேலே, புகை இன்றாயின், சாராயம் கீழே, சோறு மேலே. ஒரே வஸ்து பானைக்கு உள்ளே இருந்தால் குற்றம், கீழே இருந்தால் குடித்தனம்.

இங்குப் பூர்வபட்சி ஒருவன் தோன்றி, சாராயம் எந்த ஸ்தானத்தில் இருந்தாலும் சாராயமே, அதனை அடியோடு விலக்குவதன்றோ முறை என்பான். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், ராஜாஜியின் மந்திரிசபை முதன்முதலாக மதுவிலக்கை நடப்பித்தது சேலம் ஜில்லாவில்; கல்வராயன் மலையின் மேற்புறம் அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. ஆயினும் விலக்கினவர்களும் ஆய்வுக்கூடத்தின் விளக்கை அணைக்கவில்லை. இயல்பு மாற்றிய ஸ்பிரிட், மெதில் ஆல்கஹால், வார்னீஷ் என்னும் மூன்றையும் ஒரே தொழுவில் கட்டி 1959இல் விதிகள் வகுத்தார்கள். தச்சன் மேசைக்குப் பூசும் வார்னீஷை மனிதன் தன் குடலுக்குப் பூசிப் பார்த்த கதை அவ்விதிகளின் பின்னே இருக்கிறது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு மெருகூட்டும் ஊரில் இதனை விரித்துரைக்க வேண்டா. மரத்தின்மேல் பூசுவது தொழில், வயிற்றினுள் பூசுவது சாவு என ஸ்தானபேதம் இங்கும் நிலைபெற்றது காண்க.

நிற்க. இவ்விடத்தில் ஆராய்ச்சிக்காரன் தன் விகடத்தைக் கீழே வைக்கக் கடமைப்பட்டிருக்கிறான். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மெத்தனால் எத்தனாலுக்கு உடன்பிறப்பு; மணத்திலும் நிறத்திலும் பிரித்தறிதல் அரிது; அடுப்பிலிட்டால் அதனினும் சாந்தமாக எரியும். உடலுள் புகுந்தாலோ ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணையும் பின்பு உயிரையும் கொள்ளும். அது எந்த ஓடைக்கரையிலும் காய்ச்சப்பட்டதன்று, தொழிற்சாலைக்குரிய பொருள். அதற்கு ஊறலும் இல்லை, பானையும் இல்லை, புகையும் இல்லை. மலையை அண்ணாந்து பார்த்துப் புகையைத் தேடும் அனுமானத்துக்கு அகப்படாமல் அது வந்தது. புகை இன்றாயின் சாராயம் பானைக்குக் கீழே என்று பாறைமேல் அமர்ந்து நான் இயற்றிய சூத்திரம் இங்கே உடைந்து போகிறது. உடைந்த சூத்திரத்தை ஒட்டவைக்க நான் முயலவில்லை.

சாமையின் கதையை முடித்துவிடுகிறேன். 50 மில்லியில் உலை பொங்கி அடங்கியது. மிச்ச வேக்காட்டுக்குப் பானையைக் கம்பளியால் சுற்றி வைத்தோம். அதற்குள் நிலத்துக்காரரின் தாயார், எண்பதைக் கடந்த ஆயா, தடியூன்றி வந்து நின்றார்.

“பொகையே காணோமே தம்பி, சோறு எப்படி வெந்துச்சு?”

கௌதமர் கேட்க வேண்டிய கேள்வி. விளக்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேளாமல் குப்பியை வாங்கித் திறந்து, ஒருமுறை முகர்ந்து, மூடியை இறுக்கித் திருகித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

“இதை வச்சுட்டுப் போகாதீங்க. புள்ளைங்க திரியுற எடம்.”

ஆகவே எஞ்சிய ஸ்பிரிட் முழுவதையும், அடுப்பு ஆற ஆற ஊற்றி, அவர் கண்முன்னேயே எரித்து வெந்நீர் வைத்தோம். கருப்பட்டி போட்டு ஆயாவும் ஒரு குவளை குடித்தார். முடிந்தது, அணைந்துவிட்டது என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. சற்றுமுன் மஞ்சள் சுடரைப் பற்றி நண்பர் சொல்லக் கேட்டிருந்தாராதலால், எங்கள் உப்புப் பொட்டலத்தினின்றும் ஒரு சிட்டிகை எடுத்து அடுப்பின்மேல் தூவினார். மஞ்சள் தோன்றவில்லை. குனிந்து இன்னொரு சிட்டிகையும் தூவிப் பார்த்த பிறகே தடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.