வீசம் அளவு ரயில்

மாதிரி நீராவி எஞ்சின் பொம்மை அல்ல. பொம்மைக்குள் சாவிச் சுருளோ பேட்டரியோ இருக்கும். மாதிரி எஞ்சினுக்குள் கரி எரியும், தண்ணீர் கொதிக்கும், ஆவி பிஸ்டனைத் தள்ளும். உருவத்தில்தான் சிறியதே தவிர, கையைச் சுடுவதில் அது முழு எஞ்சின். அதைப் பொம்மை என்று சொன்ன விருந்தாளிக்கு அந்த வீட்டில் இரண்டாவது கோப்பைத் தேநீர் கிடைக்காது.

இந்தக் கலை செழித்த இடம் இங்கிலாந்தின் கொல்லைப்புறக் கொட்டகைகள். அங்கே புழக்கத்தில் உள்ள தண்டவாள அகலங்களில் ஒன்று மூன்றரை அங்குலம். அசல் பாதையின் அகலம் நாலடி எட்டரை அங்குலம். ஆக, அடிக்கு முக்கால் அங்குலம். பதினாறில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கு வாய்பாட்டில் இதற்கு வீசம் என்று பெயர். நீளம் வீசமானால் பரப்பு 256இல் ஒன்றாகும். எடை 4,096இல் ஒன்றாகும். 64 டன் எஞ்சின் கணக்குப்படி பதினைந்தரைக் கிலோ சொச்சத்துக்கு இறங்கிவிடும். இறங்க மறுப்பவையும் உண்டு. தண்ணீர், நெருப்பு, புகைக்கரி, கொப்புளம் ஆகியவை எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படுவதில்லை. இயற்கையைச் சுருக்க முடியாது என்பது இத்துறையின் முதல் விதி. செலவையும் சுருக்க முடியாது என்பது இரண்டாவது. அதை வரைபடங்களில் அச்சிடுவதில்லை.

முதல் விதிக்கு நல்ல சாட்சி, கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய். பெரிய எஞ்சினில் அது உண்மை பேசும். மாதிரியில் குழாய் அவ்வளவு மெல்லியது என்பதால் தண்ணீர் அதன் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி வந்து உட்கார்ந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி மட்டும் ‘நிறைய இருக்கிறது’ என்று சாதிக்கும். அதனால் அதன் அடியில் உள்ள குழாயடைப்பை அடிக்கடி திறந்து ஊதிவிட்டு, சொன்னதையே திரும்பச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. போலீஸ் விசாரணையும் இதே முறையில்தான் நடக்கிறது.

சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப் பார்த்துச் செய்தது என்று நினைப்பது இயல்பு. ரயிலைப் பொறுத்தவரை முறை தலைகீழ். கார்ன்வாலில் உள்ள ரெட்ரூத் ஊரில் 1784இல் வில்லியம் மர்டாக் ஓட்டிய நீராவி வண்டி ஏறக்குறைய ஓரடி உயரம், மூன்று சக்கரம், ஸ்பிரிட் விளக்கில் ஓடியது. ரயில் எஞ்சின் பிறப்பதற்கு அப்போது இருபது ஆண்டு பாக்கி. ஒரு நாள் இரவு தேவாலயத்துப் பக்கத்துச் சந்தில் அதை அவர் விட்டுப் பார்த்தபோது அது கைமீறி ஓடியதாகவும், எதிரே வந்த பாதிரியார் சீறிக்கொண்டு வரும் நெருப்பைப் பார்த்துச் சாத்தானே வந்துவிட்டது என்று அலறியதாகவும் ஒரு கதை உண்டு. நம் ஊராக இருந்தால் கொள்ளிவாய்ப் பிசாசு என்று முடிவு கட்டி, மறுநாளே வேப்பிலை அடித்திருப்பார்கள்.

அதற்கும் இருபது ஆண்டு முன்னால், 1763-64 குளிர்காலத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த, நியூகோமன் என்ற பழைய வகை நீராவி எஞ்சினின் மாதிரி ஒன்று பழுது பார்ப்பதற்காக ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. சிலிண்டரின் குறுக்களவு இரண்டே அங்குலம். லண்டன் வரை போய்விட்டு வந்தும் குணமாகாத நோயாளி அது. வாட் சரிசெய்த பிறகும் நாலைந்து அடி அடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. காரணத்தைத் தேடியபோதுதான், ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டரைத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, மறுபடி அதே சிலிண்டரைச் சூடாக்குவதிலேயே பெரும்பகுதி ஆவி வீணாவது தெரிந்தது. சிலிண்டர் சிறியதாக ஆக, உள்ளே உள்ள ஆவிக்குச் சுவர்ப்பரப்பு அதிகம், வீணும் அதிகம். பெரிய எஞ்சின் மறைத்து வைத்திருந்த குற்றத்தைச் சின்னது உளறிக் கொட்டிவிட்டது. 1765இல் தனிக் குளிர்கலன் என்ற யோசனை பிறந்தது. தொழிற்புரட்சியின் எஞ்சின்கள் அதன் வழியே வந்தன. மாதிரி ஒழுங்காக ஓடியிருந்தால் வாட் கூலியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ஓடாத எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தக் கதையை மனைவியிடம் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள்.

பொழுதுபோக்காக இது முறைப்பட்டது 1898இல். பெர்சிவல் மார்ஷல் அந்த ஆண்டு ‘மாடல் எஞ்சினியர்’ இதழை லண்டனில் தொடங்கினார். 1924 முதல் அதில் எழுதத் தொடங்கிய ‘கர்லி’ லாரன்ஸ், ஒரு பழைய ரயில்வே நிறுவனத்தின் முதலெழுத்துகளான எல்.பி.எஸ்.சி. என்பதையே புனைபெயராக வைத்துக்கொண்டவர். அவர் வருவதற்கு முன்பு, இத்தனை சின்ன எஞ்சினில் கரி எரியாது, ஸ்பிரிட் விளக்குத்தான் சரி என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் ‘ஆயிஷா’ என்ற எஞ்சினில் கரியைப் போட்டு, பின்னால் தானே உட்கார்ந்து, இழுக்கவைத்துக் காட்டினார் லாரன்ஸ். இந்தச் சண்டை ‘கொதிகலன் போர்’ என்ற பெயரில் இன்றும் பேசப்படுகிறது. உயிர்ச்சேதம் இல்லை, மனத்தாங்கல் நிறைய. ஆணிகளை எண்ணிப் பார்த்து, அசலில் 42, இதில் 41 என்று குறை சொல்லும் நக்கீரர் பரம்பரைக்கு ‘இன்ஸ்பெக்டர் மெட்டிகுலஸ்’ என்று பெயர் சூட்டியவரும் அவரே.

செய்முறை லேத்திலிருந்து தொடங்குகிறது. கடைசல் இல்லாமல் எஞ்சின் இல்லை. இங்கிலாந்துக் கொட்டகைகளின் குலதெய்வம் 1946இல் வந்த மைஃபோர்டு எம்.எல்.7. லேத் வந்து சேர்ந்ததும் எஞ்சின் வேலை ஆரம்பமாகிவிடும் என்று எதிர்பார்ப்பது அனுபவக் குறைவு. லேத்துக்கு டூல் வேண்டும். டூலைப் பிடிக்க ஒரு தாங்கி வேண்டும். டூலைத் தீட்ட ஒரு சாணை எந்திரம் வேண்டும். 1970களில் பேராசிரியர் சாடக் ‘க்வார்ன்’ என்ற சாணை எந்திரத்துக்கு வரைபடம் வெளியிட்டார். வீட்டிலேயே செய்யலாம். எஞ்சினுக்குத் தேவையான வெட்டுளிகளைத் தீட்டுவதற்காக அதைச் செய்ய இறங்கியவர்களில் பலர் மறுபடி கரையேறவில்லை. சாணை முடிவதற்குள் எஞ்சினின் வார்ப்புகள் பெட்டிக்குள் துருப்பிடித்திருக்கும். பழுதில்லை, துருவை நீக்க இப்போது சாணை இருக்கிறது.

வார்ப்புகள் கடையில் கிடைக்கும். நூறாண்டுக்கும் மேலாகத் தொடக்கக்காரர்களுக்குப் படியளந்துவருவது ஸ்டூவர்ட் நிறுவனம். அதன் ‘10வி’ என்ற செங்குத்து எஞ்சினில் முக்கால் அங்குலச் சிலிண்டர். பெட்டியைத் திறந்தால் உள்ளே எஞ்சின் இராது. எஞ்சின் ஒளிந்திருக்கும் சில இரும்புக் கட்டிகளும் ஒரு வரைபடமும் இருக்கும். வார்ப்பிரும்பைக் கடைந்தால் கரித்தூள் மாதிரி கறுப்புப் பொடி கொட்டும்; மூக்கிலிருந்து இரண்டு நாள் வரும். பித்தளைச் சீவலின் சுபாவம் வேறு. அது கொட்டகையில் தங்காது. காலுறையில் ஏறி, சமையலறையைக் கடந்து, படுக்கை விரிப்பு வரை போய், அங்கே கணவன் அல்லாத ஆளைத்தான் குத்தும்.

துளை போடுவதும் மரை வெட்டுவதும் அடுத்த கட்டம். சிலிண்டர் மூடியை இறுக்கும் திருகுகள் பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவில் இருக்கும். பத்தாம் எண் திருகின் தடிமன் 1.7 மில்லிமீட்டர். அதற்கு மரை வெட்டும் டேப் கிட்டத்தட்ட தையல் ஊசி. பன்னிரண்டு துளை இருந்தால் பதினொன்று வரை ஒன்றும் ஆகாது. பன்னிரண்டாவதில், தொலைபேசி அடிக்கும் சமயம் பார்த்து, டேப் உள்ளே முறியும். அதை வெளியே எடுக்க வழிகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிலிண்டரை மறுபடி வாங்குவதில் போய் முடிகின்றன. கீழே விழுந்த பத்தாம் எண் நட்டைத் தேடுவது தனிக்கலை. முழங்காலிட்டுத் தேடினால் கிடைக்காது. இன்னொன்று செய்து முடித்த மறுநிமிடம் செருப்பின் அடியில் ஒட்டியிருக்கும்.

எஞ்சினைவிடக் கொதிகலன் பெரிய காரியம், பயமும் பெரிது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் திறந்த வெளியில் ஏறக்குறைய 1,600 பங்கு இடம் கேட்கும். அந்தக் கோபத்தை அடக்கிவைக்கச் செம்புத் தகடு வேண்டும். தகடுகளை ஒட்ட ஈயப்பற்று போதாது, வெள்ளிப் பற்றாசு வேண்டும். முறை நம் பொற்கொல்லர் முறைதான்: வெங்காரத்தைத் தடவி, நெருப்பை ஊதி, பற்றாசு உருகி இடுக்கில் ஓடும்வரை காத்திருப்பது. தட்டாருக்கு மூக்குத்தி அளவில் பொடி வைத்து ஊதினால் போதும். இங்கே ஓரடி நீளச் செம்பு முழுவதும் சேர்ந்தாற்போல் 600 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். செம்போ தரும சிந்தனை உள்ள உலோகம். வாங்கிய வெப்பத்தையெல்லாம் அக்கம்பக்கத்துக்கு வாரி வழங்கிவிடும். இரண்டு ஊதுகுழல், ஒரு நண்பர், தோல் ஏப்ரன், அடுக்கிவைத்த செங்கல் எல்லாம் தேவை. பின்னால் பற்றவைத்த இணைப்பு முன்னால் வைத்ததை உருக்கிவிடாமல் இருக்கப் பிரார்த்தனையும் தேவை.

முடிந்த கொதிகலனை நேரே அடுப்பில் ஏற்றுவதில்லை. பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பி, கைப்பம்பால் அடித்து, வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டில் ஓட வேண்டியது 160 தாங்க வேண்டும். காற்றை அடைத்துச் சோதிக்கக் கூடாது. அமுங்கிய காற்று பிளவு கண்டால் வெடித்துச் சிதறும். தண்ணீர் அமுங்காது, அதனால் மூக்கால் சிந்துவதோடு விட்டுவிடும். சங்கங்களில் இதற்கென்று ஒரு பரிசோதகர் இருப்பார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர் இல்லை. சிரிக்கிற பரிசோதகரிடம் கொதிகலனைக் கொண்டுபோவதும் புத்திசாலித்தனம் அல்ல.

இதற்கு நேர்மாறான ஓர் எஞ்சினும் உலகில் உண்டு. தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகளில், தண்ணீர்த் தொட்டியில் டப் டப் என்று சுற்றும் தகரப் படகு. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. ஒரு சின்ன எண்ணெய் விளக்கும் இரண்டு குழாயும்தான். பற்றவைத்தவுடன் ஓடும். மாதிரி எஞ்சின்காரர்கள் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

முதல் ஓட்டம் பெரும்பாலும் அழுத்தக் காற்றில் நடக்கும். காற்றில் எஞ்சின் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். அக்கம்பக்கத்தார் அழைக்கப்படுவார்கள். மறுநாள் ஆவி கொடுத்தால் அரைச்சுற்றுச் சுற்றி நின்றுவிடும். குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழைந்த ஆவி தண்ணீராகிவிட்டது. வாட் பட்ட அதே பாடு. வடிகுழாயைத் திறந்து சிலிண்டர் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வெந்நீரும் எண்ணெயும் கலந்த கலவை பீய்ச்சி அடித்து, மிக அருகில் நின்று பாராட்டியவரின் சட்டையில் நிரந்தர இடம் பிடித்திருக்கும்.

ஓட்டுவது இன்னொரு படிப்பு. மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியால் தீ மூட்டி, புகைபோக்கியில் சின்ன மின்விசிறி வைத்து இழுக்கவிட்டு, ஆவி ஏறியதும் கொண்டைக்கடலை அளவு நிலக்கரியைத் தேக்கரண்டி அளவு மண்வாரியால் போட வேண்டும். அசல் எஞ்சினில் ஓட்டுநர் ஒருவர், கரி தள்ளுபவர் ஒருவர். இங்கே இரண்டு பேரும் ஒருவரே; பயணியும் அவரே. முழங்கால் முகவாயைத் தொட, பின்வண்டியில் குந்தியிருப்பார். ஒரு நிமிடம் கையசைத்து மகிழ்ந்தால் தீ அணையும். தீயைக் கவனித்தால் தண்ணீர் இறங்கும். இரண்டையும் கவனித்தால் வளைவு வந்துவிடும். இருபது நிமிட ஓட்டத்துக்குப் பின் சாம்பல் வாரி, புகைக்குழாய்களைக் குச்சித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து வைக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். சாம்பலை எங்கே கொட்டுவது என்பதில் வீட்டாருக்கும் கொட்டகைக்கும் கருத்து வேறுபாடு தலைமுறைகளாக நீடிக்கிறது.

வீட்டாரோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்களில் பெயர் பெற்றவர் வால்ட் டிஸ்னி. லாஸ் ஏஞ்சலிஸில் தம் வீட்டுத் தோட்டத்தில் ஏழேகால் அங்குலத் தண்டவாளம் போட்டு, எட்டில் ஒரு பங்கு, அதாவது அரைக்கால் அளவு எஞ்சினை 1950இல் ஓட்டினார். பாதை போட நிலம் வேண்டும் என்பதற்காக மனைவியோடு வழக்கறிஞர் நடையில் ஓர் ஒப்பந்தமே எழுதிக் கையெழுத்து வாங்கினார். மனைவியின் பூச்செடிகள் வழியில் வந்தபோது அவற்றின் அடியில் சுரங்கம் வெட்டினார். எஞ்சினுக்கு ‘லில்லி பெல்’ என்று மனைவியின் பெயரை வைத்தார். இத்தனையும் மூன்று ஆண்டுதான் தாங்கியது. 1953இல் எஞ்சின் கவிழ்ந்து, ஆவியில் ஒரு சிறுமிக்குச் சுட்டுவிட, டிஸ்னி பாதையை மூடிவிட்டார்.

வாட்டின் வழி இதைவிட எளிது. 1800இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின் பர்மிங்ஹாம் அருகே ஹீத்ஃபீல்டு வீட்டின் மச்சு அறையைப் பட்டறையாக்கிக்கொண்டார். சிலைகளைப் படியெடுக்கும் எந்திரங்களைச் செய்தபடி, சாகும்வரை அங்கேயே காலம் கழித்தார். இரண்டாவது மனைவிக்கு அழுக்கு ஆகாது. வளர்ப்பு நாய்களே மிதியடியில் கால் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும் என்று சொல்வார்கள். கரிக்கையோடு கீழே இறங்கிவந்து பேச்சு வாங்குவதைவிட, மச்சிலேயே வாணலி வைத்துச் சமைத்துக்கொள்வது மேல் என்று வாட் முடிவு செய்திருக்கலாம். 1819இல் அவர் இறந்ததும் அறையைப் பூட்டிவிட்டார்கள். 1924இல், லாரன்ஸ் எழுத வந்த அதே ஆண்டில், உளி, லேத், வாணலி உட்பட அறையையே பெயர்த்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன், பூட்டிக் கிடந்த காலத்தில் போய்ப் பார்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்பின்படி, வாணலி அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் கடைசித் தீயின் சாம்பல் வாரப்படாமல் அப்படியே கிடந்தது.