கேள்வியும் நிரம்பலும்

என் அக்கா மகன் இங்கிலாந்தில் கணக்காளன். சனிக்கிழமை வந்தால் பியர் காய்ச்சுவான். கள்ளத்தனமாக அல்ல. அந்த நாட்டில் 1963இலிருந்து வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச அனுமதிப்பத்திரமே வேண்டியதில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு முக்காலி அடுப்பு, பக்கத்தில் சிவப்பு நிறப் புரோப்பேன் சிலிண்டர், மேலே அண்டா. வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பும் படங்களில் பியரை அபூர்வமாகத்தான் காணலாம். எல்லாம் நெருப்புப் படம். "மாமா, நெருப்பைப் பாருங்க, ஒரு பொட்டு மஞ்சள் இல்ல" என்பான். பிள்ளை பெற்றவன்கூட தொட்டிலை இத்தனை கோணத்தில் படம் எடுக்கமாட்டான்.

நான் நுவரெலியாவில் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வூதியக்காரனுக்கு ஒரு படம் போதும், புத்தி கெடுவதற்கு. எனக்கும் ஒரு அண்டா வேண்டும், ஒரு நீல நெருப்பு வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சினால் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்து கதவைத் தட்டும். முன்னாள் மாணவன் யாராவது பொலிஸ் உடுப்பில் வந்து, "சேர், நீங்களா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆகவே இஞ்சி பியர் என்று முடிவு செய்தேன். தீபாவளிக்கு வீட்டிலேயே காய்ச்சிய இஞ்சி பியர். பெயரிலாவது பியர் இருக்கிறது.

இந்த ஊருக்கும் பியருக்கும் உள்ள சொந்தம் சாமானியமானதல்ல. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். அதற்கு 18 வருடம் முன்பே, 1849இல், சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பியர் காய்ச்சத் தொடங்கிவிட்டார் என்பார்கள். அதாவது இந்த மலைக்குத் தேயிலையைவிட பியர் மூத்தது. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் பியர் பக்குவமாகப் புளிக்கக் குளிர் வேண்டும். கொழும்பில் அது கிடையாது, இங்கே வேண்டிய மட்டும் உண்டு. பேக்கர் இங்கிலாந்திலிருந்து பசு, குதிரை, வண்டி, கொல்லன் என்று ஒரு கிராமத்தையே கப்பலில் ஏற்றி வந்தவர். அவருடைய குதிரைக்காரன் பெர்க்ஸ் மலைப்பாதையில் வண்டியைக் குதிரைகளோடு பள்ளத்தில் விட்டுவிட்டு, விபத்து நடந்துவிட்டது என்று துரைக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதினான். கீழேயிருந்து கொண்டுவரும் எந்தச் சாமானும் இந்த மலையில் ஒழுங்காக வேலை செய்யாது என்பதற்கு அதுதான் முதல் எழுத்துச் சான்று. இரண்டாவது சான்று நான் வாங்கிய அடுப்பு.

அது கீழ்நாட்டில் மூடிப்போன ஒரு கொத்துரொட்டிக் கடையின் அடுப்பு. வார்ப்பிரும்பு. ஊதுகுழல் மாதிரி ஒரு நீளக் குழாய், அதன் வாயில் பித்தளை ஜெட், ஜெட்டுக்குப் பக்கத்தில் காற்று நுழைய ஓட்டை, ஓட்டையைத் திறந்து மூட வட்டமாக ஒரு தகடு. விற்றவர் எல்லாம் விளக்கமாகச் சொன்னார். அந்தத் தகட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் ஏறி அது முக்கால்வாசி மூடியபடி இறுகிப்போயிருந்தது. நானும் அதை அடுப்பின் ஓர் அலங்காரம் என்றே நினைத்தேன்.

சிலிண்டர் விஷயத்தில் என் மனைவிக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் வெடித்த செய்திகள் வந்தபோது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூட புரோப்பேன் எத்தனை வீதம், பியூட்டேன் எத்தனை வீதம் என்று பேசினார். அந்த நாட்களில் இவள் தினமும் சவர்க்கார நுரை பூசிச் சிலிண்டரைக் குளிப்பாட்டினாள். அடுத்த வருடம் வரிசைக் காலம். 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய் ஆனது. அதற்கும் விடியச் சாமத்தில் போய் வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துக் காவல் இருந்தோம். "அப்பிடி வாங்கின கேஸை இஞ்சித் தண்ணி காய்ச்சவா எரிக்கப்போறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. அதனால் நான் பதில் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால், கூரைக்கு வெளியே, அடுப்பை வைத்துப் பற்றவைத்தேன். வந்தது நீலம் அல்ல. மாரியம்மன் கோயில் தீப்பந்தம். மஞ்சளாய், சோம்பலாய், நுனியில் கறுப்புப் புகையோடு ஆடியது. அரைமணி நேரத்தில் அண்டாவின் அடி என் தலைமுடியின் இளமைக்கால நிறத்துக்கு வந்துவிட்டது.

பொருளியல்காரன் மூளை என்ன சொல்லும்? சூடு போதவில்லை, ஆகவே நிரம்பலைக் கூட்டு. கேஸைத் திறந்தேன். மஞ்சள் இன்னும் உயர்ந்தது, புகை இன்னும் தடித்தது. காற்று அலைக்கழிக்கிறது என்று நினைத்து அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்தேன். தீப்பந்தம் எரிமலை ஆனது. கேஸை இன்னும் திறந்தேன். இந்த முறையில் இரண்டு மூன்று அரசாங்கங்களே நடந்திருக்கின்றன.

பிறகு நெருப்பு தானாகவே இறங்கத் தொடங்கியது. சிலிண்டரைத் தொட்டேன், பனிக்கட்டி. வெளியே வெள்ளை பூத்திருந்தது. ஐயோ பாவம், குளிருது போல என்று அப்பாயி காலத்துக் கம்பளியை எடுத்து வந்து போர்த்திவிட்டேன். தோட்டத்தில் சம்பளத்தில் கழித்துக் கொடுத்த கம்பளி. மூன்று தலைமுறையின் மழையையும் குளிரையும் தாங்கியது. மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"முப்பத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு நாள் போர்த்திவிட்டிருக்கீங்களா?"

கம்பளி போர்த்தியதும் நெருப்பு இன்னும் சுருங்கியது. இரவு மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்து முடிக்கவே அவனுக்கு மூன்று நிமிடம் ஆனது. சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. அது ஆவியாக வெளியிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். வேகமாக எடுத்தால் சிலிண்டர் தன் சூட்டையே தின்று குளிர்ந்துபோகும். புரோப்பேன் என்றால் பரவாயில்லை, மைனஸ் 42 பாகையிலும் ஆவியாகும். பியூட்டேன் பூச்சியத்துக்குக் கிட்ட வந்ததுமே படுத்துவிடும். எங்கள் வீட்டுச் சிலிண்டரில் இரண்டும் கலந்தே இருக்கிறது. "நீங்க போர்த்தினது வெளியில இருக்கிற சூடு உள்ள போகாம தடுக்கத்தான் மாமா" என்றான். கம்பளிக்குச் சூடு கொடுக்கத் தெரியாது, இருக்கிற சூட்டைக் காக்கத்தான் தெரியும். மனைவிக்குப் போர்த்தியிருந்தால் பயன்பட்டிருக்கும்.

இதற்கிடையில் அக்கம்பக்கத்தில் என் கௌரவம் வேறு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர், வீட்டுக்குப் பின்னால் பெரிய அண்டா, சுற்றித் தகரம், கறுப்புப் புகை, சீனி மூட்டை. லயத்துப் பக்கமிருந்து ஒருவர் வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தி, "எப்ப சேர் இறக்குவீங்க?" என்று கேட்டார். இஞ்சி பியர் என்றேன். "விளங்குது சேர்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். கசிப்புக்கு இவ்வளவு நாகரிகமான பெயரை அவர் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் ஸ்டோர் அண்ணன் வந்தார். தேயிலை ஸ்டோரில் நாற்பது வருடம் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டவர். புகைக்கூண்டைத் தூரத்திலிருந்து பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லுவார். என் அடுப்பைச் சுற்றி ஒரு வலம் வந்தார். முதலில் தகரத்தை எடுத்து வீசினார். பிறகு குந்தி உட்கார்ந்து கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சேர், அடுப்பு காத்து கேக்குது. நீங்க கேஸ் குடுக்கிறீங்க."

முப்பது வருடம் கேள்வியும் நிரம்பலும் படிப்பித்தவனுக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் யாரும் நடத்தியதில்லை.

கணக்கு எளிதுதான். ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. காற்று குறைந்தால் எரியாத கரித்துகள் சூடாகி மஞ்சளாக ஒளிரும், பிறகு அண்டாவில் போய் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் மொனொக்சைட்டும் வரும். மூடிய குசினிக்குள் அது ஆளையே கொன்றுவிடும். அதிலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இங்கே காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. கீழ்நாட்டுக்கு அளவெடுத்த அடுப்பு இங்கே வந்ததும் மூச்சு வாங்கத்தானே செய்யும்? முதன்முதலாக மலையேறி வரும் கொழும்புச் சொந்தக்காரர்கள் படியில் நின்று மூச்சு வாங்கவில்லையா?

அண்ணன் மண்ணெண்ணெய் துணியால் தகட்டைத் துடைத்துச் சுழற்றினார். குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு இழுத்தார். ஒரு சிலந்திக் குடும்பம் வீடு வாசலோடு வெளியே வந்தது. பிறகு கேஸைப் பாதியாகக் குறைத்தார். எனக்கு நெஞ்சு பதறியது. குறைத்தால் எப்படிச் சூடு கூடும்? தகட்டை மெல்லத் திறந்தார். மஞ்சள் நுனி சுருங்கியது. இன்னும் கொஞ்சம் திறந்ததும் நீலம் வந்தது, உள்ளே கூர்மையாக ஒரு சின்ன நீலக் கூம்பு. எனக்கு ஆசை விடவில்லை. முழுதாகத் திறந்தேன். நெருப்பு அடுப்பைவிட்டு எழும்பி, சீறி, 'பட்'டென்று அணைந்தது. அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, ஒரு நூல் பின்னால் திருப்பி மறுபடி பற்றவைத்தார். "சத்தத்தைக் கேளுங்க. இரையக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. மூச்சு விடுற மாதிரி இருக்கணும்."

அப்போதுதான் அப்பாயியின் ஞாபகம் வந்தது. லயத்துக் காம்பராவில், கவ்வாத்து மிலாறு ஈரமாய்ப் புகைந்தால், அவள் இன்னொரு மிலாறைத் திணிக்கமாட்டாள். ஒன்றை வெளியே இழுத்துவிட்டு, ஊதாங்குழலை எடுத்து இரண்டு ஊது ஊதுவாள். பாடப்புத்தகம் எதுவும் படிக்காதவள்.

அண்டா கொதித்தது. இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கோபம் சீக்கிரம் வரும், ஆனால் கோபத்தில் சூடு குறைவு. இஞ்சி, சீனி, கராம்பு, தேசிக்காய் எல்லாம் இறங்கின. ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து 18 போத்தல்களில் அடைத்தேன்.

மூன்று நாளாகியும் ஒரு குமிழி இல்லை. குளிரில் ஈஸ்ட் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பாடம் படித்தவன்தானே? போத்தலுக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டு, மூடியை இறுக்கி, குசினி விறகடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன்.

நாலாம் நாள் நடுச்சாமம். 'டமார்!' இரண்டு விநாடி கழித்து இன்னொன்று. லயம் முழுக்க லைட் எரிந்தது. யாரோ "சேர் வீட்டுல கேஸ்!" என்று கத்தினார்கள். வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். மனைவி வாசலில் நின்று, நடந்தது என்னவென்று தெரியுமுன்பே, "அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டாள். டோர்ச் லைட்டோடு குசினிக்குள் போனேன். சிலிண்டர் சமர்த்தாக நின்றது. சுவரிலிருந்து இஞ்சிச் சாறு வழிந்துகொண்டிருந்தது. நாலு போத்தல் போய்விட்டது. சூடு கண்டு விழித்த ஈஸ்ட், தின்ற சீனிக்கெல்லாம் கரியமிலவாயு விட்டிருந்தது.

ஸ்டோர் அண்ணன் கண்ணாடித் துண்டுகளைத் தாண்டி வந்து, மிச்சப் போத்தல்களைத் துணியால் மூடி ஒவ்வொன்றாய் மூடியைத் தளர்த்தினார். ஒவ்வொன்றும் பெருமூச்சு விட்டது.

"அடுப்புக்குக் காத்து பத்தல. போத்தலுக்குக் கூடிப்போச்சு" என்றார். "நீங்க எல்லாத்தையும் கூடக் கூடக் குடுக்கிறீங்க சேர். அது என்ன கேக்குதுன்னு பாக்கிறதில்ல."

தண்ணீர் வாளியோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப விரும்பவில்லை. பதினாலு போத்தலும் அந்த இரவே தீர்ந்தன. எல்லாருக்கும் ஊற்றிவிட்டு வேலியோரத்து மனிதருக்கும் ஒரு கோப்பை நீட்டினேன். ஆவலோடு வாங்கி, ஒரு மிடறு குடித்து, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"சேர்... இது உண்மையாவே இஞ்சி பியர்தானா?"