கருணாபுரத்தை ஆராய நல்கை கேட்கும் முறை

பெறுநர்: ஆராய்ச்சி நல்கைக் குழுவின் மாண்புமிகு தலைவர் மற்றும் உறுப்பினர்கள்.
பொருள்: முதுநிலை மாணவர்கள் நல்கை விண்ணப்பம் எழுதும் முறை – தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.

நல்கை விண்ணப்பத்தின் உயிர் ஆராய்ச்சிக் கேள்வியில் இருக்கிறது. கேள்வி எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நல்லது. ‘கள்ளச்சாராயமும் தமிழ்ச் சமூகமும்’ என்ற தலைப்புக்கு ஓர் ஆயுள் போதாது. ‘மெத்தனால் நஞ்சிலிருந்து பிழைத்தவர்களின் பார்வைத் திறன்’ என்பதை இரண்டு பருவத்தில் முடிக்கலாம். குழுவின் படிவத்திலோ தேசிய முக்கியத்துவத்துக்கு ஒரு கட்டமும் உலகளாவிய தாக்கத்துக்கு ஒரு கட்டமும் உண்டு. ஆகவே கேள்வியை ஒரு தெருவுக்குள் அடக்கிவிட்டு, பயனை ஐந்து கண்டத்துக்கும் விரிப்பதே முறை என்று மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூன் 18 அன்று அங்கே மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி, கண்மங்கல். அடுத்தடுத்த நாட்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. படிவத்தின் ‘புதுமை’ என்ற கட்டத்தில் இதனால் மாணவருக்கு மதிப்பெண் குறையும். நஞ்சு புதிதல்ல, சாவும் புதிதல்ல.

முன்னாய்வுப் பகுதியில் தெளிவு வேண்டும். மெத்தனால் கல்லீரலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இங்கே பலர் சறுக்குமிடம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலை. மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது ஒரு தொழில். மெத்தனாலோ ஆலைகளில் புழங்கும் கரைப்பான். வெளியிலிருந்து வந்து சரக்கில் கலப்பது. இரண்டையும் ஒன்றாக்கி, பழியை அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலையில் கட்டும் விண்ணப்பம் அறிவியலாகவும் தேறாது, நியாயமாகவும் தேறாது. ஆனால் ‘பழங்குடி’ என்ற சொல்லைக் கண்டதும் குழுவின் பேனா தாராளமாகிவிடும் என்றொரு நம்பிக்கை மாணவர் விடுதிகளில் உலவுகிறது.

அடுத்தது அனுமதி. பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டார்கள். எனவே நான்கு இடத்துக் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி இணைப்பது விண்ணப்பத்துக்கு வலு. நல்கை ஆணை இருந்தால் அனுமதி தருவதாக மருத்துவமனை சொல்லும். அனுமதி இருந்தால் ஆணை தருவதாகக் குழு சொல்லும். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு முதுநிலைப் படிப்பே முடிந்துவிடும் என்பதால், காலத்திட்டத்தில் இதற்கென ஒரு பட்டை வரைவது விவேகம்.

பட்ஜெட்தான் விண்ணப்பத்தின் இலக்கியப் பகுதி. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலை வரை பஸ் டிக்கெட் கிடைக்கும். ஷேர் ஆட்டோவுக்கு யாரும் பில் தருவதில்லை. பணம் வருவது மார்ச் கடைசியில். பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பது மார்ச் 31-க்கு. அந்த ஒரு வாரத்தில் வாங்கி முடிக்கக்கூடியது பிரிண்டர் டோனர் மட்டுமே. தமிழ்நாட்டின் பல துறைகளில் டோனர் வளம் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பட்ஜெட்டில் அறநெறிக்கும் பங்கு உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்கள் ஆய்வில் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெறச் சொல்கின்றன. பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்ட இடம் தருகின்றன. கண் பரிசோதனைக்காக அரைநாள் உட்காரும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். குழுவின் படிவத்தில் நுகர்பொருள், பயணம், அச்சுச் செலவு, இதர செலவு என்று வரிகள் இருக்கின்றன. அந்தக் கூலிக்கு வரி இல்லை. நேர்மையான மாணவர் அதைத் தன் கையிலிருந்து கொடுக்கிறார். விவரமானவர் ‘ஸ்டேஷனரி’யில் எழுதுகிறார். தணிக்கையாளர் இரண்டாமவரின் கணக்கை மட்டும்தான் சரி என்கிறார்.

அடுத்த அறிவிக்கையில் ‘பங்கேற்பாளர் கூலி இழப்பு’ என்று ஒரு வரியும், முடிவுகளை ஆய்வு நடந்த தெருவிலேயே தமிழில் சொல்வதற்கான செலவுக்கு இன்னொரு வரியும் சேர்க்குமாறு குழு கேட்டுக்கொள்ளப்படுகிறது. ‘உலகளாவிய தாக்கம்’ கட்டத்தை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் படிவத்தில் இடம் போதும்.