வால்பிடி விளையாட்டு

மொன்றியலில், எங்கள் செயின்ட்-மிஷேலில் ஒரு சர்க்கஸ் கம்பனியின் தலைமையகம் இருக்கிறது. உலகமெல்லாம் கூடாரம் அடிக்கும் சேர்க் டு சொலெய்தான். அவர்களுடைய டிக்கெட் விலையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்கள், போன டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்திருக்கலாம். அனுமதி இலவசம், வடையும் உண்டு.

தொடக்கி வைத்தவள் மகள். வகுப்பில் ஒரு ஜப்பானியப் பிள்ளையிடம் ஷிரிதோரி என்று ஒரு விளையாட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். ஒருவர் ஒரு சொல் சொன்னால், அதன் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். கரோக்கிப் பாடப் போகிறவர்கள் பாட்டுத் தலைப்புகளை வைத்தும் இதை ஆடுவார்களாம். 'ன்' என்று முடிகிற சொல்லைச் சொன்னவர் அவுட். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் அவர்களிடம் இல்லை. ஷிரி என்றால் பின்புறம், தோரி என்றால் எடுத்தல்.

"அப்ப வால்பிடிக்கிறது எண்டு சொல்லு. கொப்பர் அதிலை முப்பது வருஷ அனுபவசாலி" என்றார் மாமி. என் மேற்பார்வையாளருக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் நான் பலகாரம் கொண்டுபோவது அவருக்குத் தெரியும். பலகாரம் சுட்டுத் தருகிறவரே அவர்தான்.

நான் விடுவேனா? "இது எங்கடை சரக்கு" என்று எழுந்தேன். காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதி பாடிய காலத்தில் கரோக்கி ஏது? திருக்கடையூரில் அபிராமி பட்டரைக் கீழே நெருப்பு மூட்டி நூறு கயிற்றில் தொங்கவிட்டார்களாம். ஒரு பாட்டுக்கு ஒரு கயிறு அறுபடும். ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கமாக்கிப் பாடிக்கொண்டே போன மனிதர், நூறாவதை முதல் பாட்டின் முதற்சொல்லிலேயே கொண்டுவந்து முடித்தார்.

"அவர் தோத்தா நெருப்பிலை விழுவார். நீங்கள் தோத்தா, அப்பா?" என்றாள் மகள்.

யோசிக்காமல், "அண்டைக்குப் பாத்திரமெல்லாம் நான்தான் கழுவுறது" என்றேன். மனிசி அதுவரை பார்த்துக்கொண்டிருந்த போனை மெல்லக் கீழே வைத்தாள்.

ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது, தமிழ்ப் பாட்டுக்குத் தலைப்பே கிடையாது. பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் "மூத்தது" என்றே கூப்பிட்டு வளர்ப்பதுபோல, முதலடியையே பெயராக வைத்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே படத்தின் பெயரைச் சொல்லி, அந்தப் படத்துப் பாட்டொன்றைப் பாடுவது என்று முடிவானது.

இரண்டாவது முட்டுக்கட்டையை வைத்தவர் தொல்காப்பியர். ஜப்பானியருக்கு ஆளைக் கவிழ்க்கிற எழுத்து ஒன்றே ஒன்று. நமக்கு ண், ன், ர், ல், ழ், ள் என்று சொல்லின் கடைசியில் வந்து உட்காருகிற எழுத்துகளில் பாதி, முதலில் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவை. 'தமிழ்' என்ற சொல்லே இந்த ஆட்டத்தில் தோல்வி. 'யாழ்' என்று ஊரைச் சுருக்கினாலும் தோல்வி. ஆண்கள் பெரும்பாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்: சௌந்தரராஜன் அவுட், விஸ்வநாதன் அவுட், கண்ணதாசன் அவுட். சுசீலாவும் ஜானகியும் ஆட்டத்தில் நிற்பார்கள். "அப்பா, உங்கடை பேரும் 'ன்'னிலைதான் முடியுது" என்று மகள் ஞாபகப்படுத்தினாள்.

அவ்வளவு ஏன், செயின்ட்-மிஷேலே 'ல்'. மெட்ரோவின் நீலக்கோடு 1986இல் இங்கே வந்து நின்றது. நின்றது நின்றதுதான். ஆஞ்சு வரை நீட்ட இப்போதுதான் தோண்டுகிறார்கள்.

சலுகைகள் பேசித் தீர்த்தோம். 'ன்' வந்தால் 'ந' போடலாம். ர், ல் வந்தால் வடமொழியும் ஆங்கிலமும் கைகொடுக்கும். 'ற' வந்தால் தமிழ்நாட்டுக்காரர் தவிப்பார். நமக்கென்ன, றோட்டும் றேடியோவும் றொட்டியும் எழுதி வளர்ந்தவர்கள். 'ka'வுக்கும் 'ga'வுக்கும் ஜப்பானில் தனித்தனி எழுத்தாம், ஒன்றுக்கு மற்றது பரவாயில்லை என்று சில வீடுகளில் விட்டுக்கொடுப்பார்களாம். நம்முடைய ஒற்றைக் 'க' அந்த வழக்கைப் பிறக்கும்போதே தீர்த்துவிட்டது. ழ், ள், ண் வந்தால் மட்டும் மன்னிப்பு இல்லை.

அடுத்த பத்து நாள் மெட்ரோவில் நான் செய்த வேலை என் வாழ்க்கையில் எந்தச் சோதனைக்கும் செய்யாதது. நாற்பது பக்கக் கொப்பியில் படங்களை முதலெழுத்து வாரியாக எழுதி, ஆளைக் கவிழ்க்கும் முடிவுகளைச் சிவப்பில் வட்டமிட்டேன். 'தில்லானா மோகனாம்பாள்', ள், மூன்று வட்டம். எதிராளிக்குத் திரும்பத் திரும்ப 'ரு' என்ற எழுத்தையே கொடுத்து மூச்சுத் திணற வைப்பது ஜப்பானியரின் உத்தி. நான் 'ம்'மைப் பிடித்தேன். பாதித் தமிழ்ப்படம் 'ம்'மில் முடிகிறது என்பது சரி. மீதிப் பாதி 'ம'வில் தொடங்குகிறது என்பதைக் கவனிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, றோட்டிலை செம்மஞ்சள் போட் குத்தியிருக்கினம். இந்தக் கொப்பியிலை இருக்கிற அக்கறையைக் காரை எடுத்து விடுறதிலையும் காட்டுங்கோ" என்றாள் மனிசி, சனி காலையில். பனி அள்ள வருகிறார்கள் என்று அர்த்தம். "பின்னேரம் பாப்பம்" என்றேன்.

பின்னேரம் மச்சான் குடும்பம் ரொறன்ரோவிலிருந்து கரோக்கிப் பெட்டியோடு வந்திறங்கியது. கரா என்றால் காலி, ஓக்கே என்றால் ஓர்க்கெஸ்ட்ரா. 1971இல் கோபே நகரத்து இனோவே தைசுகே செய்த பெட்டியின் பேரப்பிள்ளை அது. மனிதர் காப்புரிமை எடுக்கவே இல்லை. மனிதர் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டினார் என்று 2004இல் அவருக்குக் கேலி நோபலின் சமாதானப் பரிசு கொடுத்தார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் இருந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பார்கள். பெட்டி புள்ளியும் போடும். கீழ்வீட்டு ஹெய்ட்டிப் பெண்மணி தும்புத்தடியால் கூரையில் தட்டிய தட்டுக்கு 87 போட்டது. தாளம் சரியாகத்தான் இருந்தது.

மகள் 'அலைபாயுதே'. மனிசி 'தேவர் மகன்'. மச்சான் சலுகையைப் பிடித்து 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. 'மௌன ராகம்', 'மறுபடியும்', 'முள்ளும் மலரும்' என்று 'ம' வட்டமடித்தது. மச்சானின் மனைவி, "எங்கடை மட்டக்களப்பு ஆள்" என்று பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யை எடுத்து 'ற'வில் நிறுத்தினாள். மகள் 'றோஜா' என்று எழுதிக் காட்டித் தப்பினாள். நடுவர் மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, "யாழ்ப்பாணத்திலை அது சரி" என்று தீர்ப்பளித்தார். இப்படியே சுற்றி, மாமி தன் முறைக்கு 'பராசக்தி' என்றார். அடுத்தது நான். தி!

கொப்பி தானாகவே திறந்தது. தில்லானாவை எடுத்திருக்க வேண்டும். ஆனால் அதிலே ஊருக்கெல்லாம் தெரிந்தது சுசீலாவின் பாட்டு. சபையில் சுசீலாவாக எனக்கு வெட்கம். 'திருவிளையாடல்' என்றேன். 1965, 'ல்', இரண்டு வட்டம். மச்சான் செத்தான்.

மச்சான் வடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "லவ் டுடே. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு. எது வேணும்?" என்றான்.

"முதல்லை நீங்கள் பாடுங்கோ, அப்பா."

பத்து நாளும் முடிவைப் பார்த்தேனே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. கே.பி. சுந்தராம்பாள், டி.எம். சௌந்தரராஜன், டி.ஆர். மகாலிங்கம், பாலமுரளிகிருஷ்ணா. கே.வி. மகாதேவன் ஒரு பாட்டையாவது என்னைப் போன்றவன் பாட விட்டுவைத்தாரா? சின்ன வயதில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், வீட்டார் றேடியோவில் பாட்டுக் கேட்க நான் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றியவன். சுற்றுக் குறைந்தால் பாட்டு மங்கும், அண்ணன் குட்டுவான். இசைக்கு நான் செய்த தொண்டு அவ்வளவுதான்.

திரையில் முதலில் வந்ததை அமத்தினேன். பாலமுரளிகிருஷ்ணா. ஹேமநாத பாகவதராகப் பாலையா மார்தட்டும் இடம். முதலிரண்டு வரி எப்படியோ போயிற்று. ராகங்கள் மாறத் தொடங்கியதும் திரையில் எழுத்துகள் ஓடின, நான் பின்னால் ஓடினேன், தும்புத்தடி எங்கள் இருவரையும் துரத்தியது. நடுவில் நிறுத்திவிட்டேன். பெட்டி 23 என்றது.

அப்போதுதான் வெளியே அந்தச் சங்கு. மொன்றியலில் பனி அள்ள முன்பு, இழுவை வண்டி தெருத்தெருவாய் ஊதிக்கொண்டு வரும் சங்கு. அதைக் கேட்டு இந்த நகரத்தில் சந்தோஷப்பட்ட ஒரே கார்க்காரன் நான்தான். சாவியை எடுத்துக்கொண்டு, சப்பாத்தை அரைகுறையாய் மாட்டிக்கொண்டு, உறைந்த இரும்புச் சுழல்படியில் கைபிடியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினேன். கதையிலும் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்ட பாகவதர் விடிவதற்குள் மதுரையை விட்டு ஓடிப்போகிறார் அல்லவா? மாமி அதை மறக்கவில்லை. மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

"பாகவதர் போறார், வழி விடுங்கோ!"

கார் நிறுத்த இடம் பிடித்து, நடந்து திரும்ப முக்கால் மணி நேரம். எல்லாரும் படுத்துவிட்டார்கள். தொட்டி நிறையப் பாத்திரம். அதன்மேல் என் கொப்பி விரித்திருந்தது. கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில், மகளின் கையெழுத்தில் புதிதாய் ஒரு விதி: ஆட்டத்தின் நடுவில் எழுந்து ஓடினவரும் தோத்தவரே. கீழே நடுவரின் ஒப்பம்.